நுவரெலியாவில் ஒரு காலைப் பொழுது

நுவரெலியாவுக்கு வருவோரிற் பலர் அந்நகரை நண்பகல் வேளையிலேயே பார்த்துத் திரும்புகின்றனர். ஏரிக்கரையிலே சிறிது நேரம், பூங்காவிலே சிறிது நேரம், கடைத்தெருவில் ஒரு பொதி தேயிலைத்தூள். அத்துடன் வண்டி மலையிறங்கிவிடுகிறது. நகரத்தை அறிய விரும்புவோர் விடியுமுன் எழுந்து, கம்பளி உடுப்பொன்றை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வண்டியை மறந்து, காலாற நடத்தல் வேண்டும். ஐந்தரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட பொழுதிலேதான் அந்நகரம் தன் கதையை மறைப்பின்றிச் சொல்கிறது. அதன் பின்னர் அது விருந்தினரை வரவேற்பதற்காக முகத்தை மாற்றிக்கொள்கிறது.

கடல் மட்டத்திலிருந்து 6,100 அடிக்கு மேல் அமைந்த சமவெளி அது. வடக்கே இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதலாகலை 2,524 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. எனினும், வைகறையில் அம்மலை இருக்கும் திசையைக்கூடப் பனிமூட்டம் மறைத்துவிடும். சிங்கள மொழியில் ‘நுவர’ என்பது நகரம். ‘எலிய’ என்பது ஒளியையும் குறிக்கும், வெட்டவெளியையும் குறிக்கும். தோட்டத்துத் தமிழ் மக்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘நூரளை’ என்பர். அவர்கள் வாயில் அச்சொல் வழங்கும்போது ஊர் சற்று அண்மையில் வந்துவிட்டதுபோலத் தோன்றும்.

நடையை ஏரிக்கரையிலே தொடங்குதல் நன்று. கிரகெரி ஏரி எனப்படும் இந்நீர்நிலை இயற்கையாக அமைந்ததன்று. சேர் வில்லியம் கிரகெரி என்னும் தேசாதிபதியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில், சதுப்பு நிலத்தின் குறுக்கே கரையெழுப்பி நீரைத் தேக்கியதனால் உண்டாயிற்று. விடியற்காலையில் இதன்மேல் வெண்புகைபோல் ஆவி எழும். கரையிற் கட்டியிருக்கும் படகுகள் பாதிதான் தெரியும். அருகே குதிரைப் பந்தயத் திடல். 1870களிலே அமைந்த அத்திடலில் ஏப்ரல் மாதத்து வசந்த காலக் கொண்டாட்டத்தின்போது மக்கள் வெள்ளம் நிரம்பி வழியும். மற்றை நாட்களில் அங்கே புல் மேயும் மட்டக்குதிரைகளையும், அவற்றின் முதுகிலே சேணம் பூட்டும் இளைஞர்களையுமே காணலாம். சனவரி, பெப்ரவரி மாதங்களின் சில காலைகளில் அப்புல்வெளி வெள்ளைத் துணி விரித்தாற்போல் உறைபனி படிந்து கிடக்கும். காண்போர் கண்ணுக்கு அது விருந்து. தேயிலைக்கு அது நஞ்சு. வெயில் ஏறியதும் பனிபட்ட கொழுந்தெல்லாம் தீப்பட்டது போலக் கருகிவிடும்.

பழைய மலைநகரங்கள் உலகிற் பல உள்ளன. ஸ்பெயின் தேசத்திலே தொலேதோ என்னும் நகரம் பாறைமேல் அமர்ந்திருக்கிறது. மூன்று புறமும் ஆறு வளைந்தோட, மதில் சூழ, குறுகிய கற்பாதைகள் நெளிந்து செல்ல, உரோமரும் முஸ்லிம்களும் யூதரும் கிறித்தவரும் ஒருவர் பின் ஒருவராகவும் ஒருவரோடொருவராகவும் அங்கே வாழ்ந்து கட்டிய கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அத்தகைய நகரங்கள் பகைவனுக்கு அஞ்சி மலையேறியவை. நுவரெலியாவோ வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலையேறிய நகரம். நீலகிரியிலே உதகமண்டலத்தைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். அங்கும் ஏரி வெட்டிய ஏரியே. ஜோன் சலிவன் என்னும் கோயம்புத்தூர்க் கலெக்டர் 1820களில் உண்டாக்கியது. தன் நாட்டுக் குளிரையும் பூவையும் கிழங்கையும் தேடிய ஒரு சமூகம் வெப்ப நாடுகளின் மலைமுடிகளிலே தன் ஊரைப் பெயர்த்து வைக்க முயன்றதன் விளைவு இவையெல்லாம்.

ஏரியை விட்டு நகரின் நடுப்பகுதிக்கு நடப்பவர் கண்ணிற் படுவன யாவும் அந்த முயற்சியின் சின்னங்களே. கூரிய கூரை, புகைபோக்கி, மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்த சுவர், வாசலிலே கத்தரித்த பசும்வேலி. இவற்றின் கதை 1819இல் தொடங்குகிறது. இராணுவ மருத்துவராகிய ஜோன் டேவி என்பார் அவ்வாண்டு இச்சமவெளிக்கு வந்து, இதன் தட்பவெப்பத்தைப் புகழ்ந்து, பின்னர் தம் நூலில் எழுதினார். சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கைக் கண்டளித்த விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் தம்பி இவர். ஆங்கிலேயர் நுவரெலியாவைக் ‘கண்டுபிடித்தனர்’ என்று வழிகாட்டி நூல்கள் எழுதுவது இதனை வைத்துத்தான். நகரம் என்னும் பெயரைத் தாங்கியிருந்த ஓரிடத்தை ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தல் எங்ஙனம் என்று நூலாசிரியர் எவரும் கேட்பதில்லை. பிற்காலத்தில் இங்கே குடியேறிய சாமுவேல் பேக்கரே, பண்டை நாளில் மக்கள் வெட்டிய நீர்க்கால்களையும் இரத்தினக்கல் தோண்டிய குழிகளையும் இங்கே கண்டதாகக் குறித்திருக்கிறார்.

டேவிக்குப் பின் வந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் என்னும் தேசாதிபதி 1820களின் இறுதியில் நோயுற்ற படைவீரர்கள் உடல் தேற ஓய்வு நிலையம் அமைத்தார். தமக்கும் ஒரு மாளிகை எழுப்பினார். அதுவே வளர்ந்து இன்று ‘கிராண்ட் ஹோட்டல்’ எனப் பெயர்பெற்று நிற்கிறது. பேக்கரோ காய்ச்சலினால் நலிந்து இங்கே வந்து, இரு வாரத்தில் உடல் தேறியவர். அந்த வியப்பினாலேயே 1848இல் இங்கிலாந்திலிருந்து தம் குடும்பத்தாரையும், கொல்லரையும், நல்லினப் பசுக்களையும், வேட்டை நாய்களையும், உழுபடைகளையும் கப்பலேற்றிக் கொணர்ந்து, ஓர் ஆங்கிலக் கிராமத்தையே இங்கே நட்டுவிட எண்ணினார். அவருடைய வண்டி மலைப்பாதையில் உருண்டு நொறுங்கியது. விதைத்த கிழங்கைப் புழுவும், வளர்ந்த பயிரை மரையும் பன்றியும் தின்றன. 1855இல் அவர் நாடு திரும்பினார்; பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பெரும்புகழ் பெற்றார். அவர் விட்டுச் சென்ற கிழங்கும் கோவாவும் மாத்திரம் போகவில்லை.

கிராண்ட் ஹோட்டலை அடுத்து மலைக் கழகம் என்று பொருள்படும் ‘ஹில் கிளப்’. 1876இல் கோப்பித் தோட்டத் துரைமாருக்காகத் தோன்றியது. நாடு விடுதலை பெற்ற பின்னும் பல ஆண்டுகள் இலங்கையர் அதில் உறுப்பினராக இயலவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தே இராவுணவுக்கு வரவேண்டும் என்னும் பழைய ஒழுங்கை அக்கழகம் பெருமையோடு போற்றி வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு அதன் வாசலைக் கடப்பவர் காண்பது தோட்டக்காரர் ஒருவர் காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு பூம்பாத்தியில் உதிர்ந்த இலைகளைக் கூட்டுவதையே. கழுத்தில் ஏதேனும் சுற்றுவதற்கு அந்த வேளையிலே அவரிடமுள்ள காரணம் கழகத்தின் காரணத்தினும் உறுதியானது.

எதிரே பரந்து கிடக்கும் கொல்ஃப் திடலின் ஓரத்தில் ஒரு பழைய இடுகாடு உண்டு. நடப்பவர் இங்கே சற்று நிற்றல் தகும். மேஜர் தோமஸ் றொஜேர்ஸ் என்னும் அதிகாரியின் கல்லறை இங்கே இருக்கிறது. இவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்பர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். இறந்த பின்னும் அவர் கல்லறையை மின்னல் தேடிவந்து பிளந்தது என்று ஊரார் ஒரு கதை சொல்வர். கதை எவ்வாறாயினும், கல்லில் அவருடைய பெயர் இருக்கிறது. பிறந்த ஊர், வகித்த பதவி, இறந்த நாள் ஆகியவற்றோடு இறந்தவரைக் குறித்துவைக்கும் அக்கால வழக்கத்தை 1852இல் திருநிலைப்படுத்தப்பட்ட திரித்துவ ஆலயத்தின் வளவிலும் காணலாம். முப்பது வயதுக்குள் இறந்த துரைமாரும், தாயோடு மாண்ட பச்சிளங் குழந்தைகளும் அவ்விடங்களிற் துயில்கின்றனர். அவர்கள் துயரமும் துயரமே.

ஆனால் இந்த நகரத்துக்கு வந்த பாதையை வெட்டியவர்கள் யார்? கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறும் வீதிக்குக் கல் சுமந்தவர்கள் எங்கே கிடக்கிறார்கள்? 1820களில் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜோர்ஜ் பேட் என்பார் தொடங்கிய கோப்பித் தோட்டத்தோடு தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் வருகை தொடங்கியதாக வரலாற்றாசிரியர் கூறுவர். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை முதலிய பகுதிகளின் வறட்சியும் கடனும் அவர்களை விரட்டின. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் தாகமும் வழிநெடுக அவர்களைத் தின்றன. விழுந்தவரைப் புதைக்கவும் நேரமின்றிக் கூட்டம் முன்னே சென்றது. அவர்களில் ஒருவருக்கும் கல் இல்லை. பெயரும் இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, இருநூறு ஆண்டு நினைவாக, அவர்களின் வழித்தோன்றல்களும் அவர்களோடு ஒத்துணர்வு கொண்ட ஏனைய இனத்தவரும் அதே வழியை நடந்து கடந்தனர். அது ஒன்றே இதுவரை அவர்களுக்குக் கிடைத்த பெரிய நினைவுச் சின்னம் எனலாம்.

கோப்பி நெடுநாள் நிலைக்கவில்லை. 1869இல் இலைநோய் ஒன்று தோன்றி, சில ஆண்டுகளில் மலைநாடு முழுவதையும் வெறுமையாக்கிற்று. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் மிகுதியாக வேண்டும். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்புவர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும், வாரந்தோறும், கொழுந்து கிள்ள வேண்டும். ஆகவே ஆண்களோடு பெண்களும் பிள்ளைகளும் வந்து, லயங்களிலே நிலையாகக் குடியமர்ந்தனர். ஒரு செடியின் இயல்பு ஒரு மக்கட் கூட்டத்தின் தலைவிதியையே மாற்றிவிட்டது.

இடுகாட்டை விட்டுக் கடைவீதிக்கு வந்தால் பொழுது புலர்ந்துவிடும். மரக்கறிச் சந்தையிலே லொறிகள் வரிசையாக நிற்கும். லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு ஆகியன மூட்டை மூட்டையாக ஏறும். சுமை தூக்குவோர் சாக்கைத் தலையிற் கொங்காணியாக இட்டுக்கொண்டு ஓடுவர். சிங்களமும் தமிழும் ஒரே வாக்கியத்திற் கலந்து ஒலிக்கும் இடம் இது. முஸ்லிம் வணிகர் ஒருவர் சிங்களத்தில் விலை கேட்க, விவசாயி தமிழில் மறுமொழி கூறுவார். இருவருக்கும் இடையே ஓர் ஐயமும் எழுவதில்லை. பக்கத்துத் தேநீர்க் கடையில் வெறுந்தேநீரும் சுடச்சுட ரொட்டியும் கிடைக்கும். உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெறும் தேயிலை விளையும் ஊரிலே, அங்கே குவளையில் ஊற்றப்படும் தேநீர் பெரும்பாலும் அந்தத் தரத்தினதாக இருப்பதில்லை என்பதைக் குடித்தவர்கள் அறிவர்.

சந்தையைத் தாண்டி விக்டோரியாப் பூங்காவின் ஓரமாக வந்தால், இந்நடையின் முக்கியமான இடம் எதிர்ப்படுகிறது. அதுதான் தபாற் கந்தோர். 1894இல் எழுந்த செங்கற் கட்டடம். இரண்டு மாடி, கூர்ங்கூரை, மணிக்கூட்டுக் கோபுரம். படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் அதிகம் இடம்பெறும் கட்டடம் இந்நகரில் இதுவே. 1885இல் புகையிரதம் நானுஓயா வரை வந்துவிட்டது. ஆகவே கொழும்பிலிருந்து வரும் தபால் மூட்டைகள் அங்கே இறங்கி, வண்டிகளில் மலையேறி இங்கே வந்து பிரிக்கப்பட்டன. 1903 முதல் சில பதிற்றாண்டுகள் நானுஓயாவிலிருந்து நகருக்குச் சிறிய இருப்புப் பாதையொன்றும் இருந்தது. பின்னர் அது கழற்றப்பட்டுவிட்டது.

துரைமார் தம் வீட்டுக்கு எழுதவும், தாய்நாட்டுச் செய்தித்தாளைப் பெறவும் அமைந்த கந்தோர் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கட்டடங்கள் கட்டியவர் எண்ணப்படி மட்டும் வாழ்வதில்லை. மாதச் சம்பளத்தில் மிஞ்சிய ஐந்தோ பத்தோ ரூபாயைக் காசுக்கட்டளையாக்கிப் புதுக்கோட்டைக்கும் சேலத்துக்கும் அனுப்பத் தொழிலாளர் இங்கேயும், அட்டன், தலவாக்கலை முதலிய ஊர்களின் கந்தோர்களிலேயும் வந்து நின்றனர். எழுதத் தெரியாதவர் கணக்கப்பிள்ளையிடமோ தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடமோ சொல்லி எழுதுவிப்பர். ‘நாங்கள் யாவரும் க்ஷேமம்’ என்று தொடங்காத கடிதமே இராது. க்ஷேமமாக இல்லாத காலத்திலும் அப்படியே. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கின. பாட்டன் நடந்துவந்த வழியைப் பேரனின் கடிதம் ஓரிரு நாளிற் கடந்தது.

பின்னர் கடிதங்களின் குரல் மாறிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை எந்நாட்டுக்கும் உரியரல்லாதவர் ஆக்கியது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதி சௌமியமூர்த்தி தொண்டமானையும், தலவாக்கலைத் தொகுதி எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தன. வாக்குரிமை பறிபோனபின் 1952இல் அவ்வாறு அனுப்புவதற்கு வாக்காளர் இல்லை. மீண்டும் இவ்வட்டாரத்திலிருந்து தொண்டமான் தெரிவானது 1977இலேதான். இடையிலே, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடியுரிமை கோர வழி ஒன்று வைக்கப்பட்டது. மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும், 1946ஆம் ஆண்டுக்கு முன் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிரூபித்தல் வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு.

நேயர்கள் இங்கே ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தான் வசித்த இடத்தை எழுத்தில் நிரூபிக்க வேண்டியவன் யார்? தன் பெயரில் ஒரு வீடில்லாதவன், வீதியில்லாதவன், கதவிலக்கம் இல்லாதவன். அவனுக்கு வந்த அரசாங்கக் கடிதமும் அவன் கைக்கு நேரே வந்ததில்லை. தோட்டத்துக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து ஒருவர் கைமாறி மற்றொருவர் கைக்குப் போய், விசாரணைத் தேதி கடந்தபின் லயத்துக்கு வந்து சேர்ந்தாலும் வியப்பில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்துக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். அண்ணன் இந்தியப் பத்திரத்தோடும் தம்பி இலங்கைப் பத்திரத்தோடும் ஒரே மேடையில் நின்று பிரிந்த காட்சி மலைநாட்டு நிலையங்களிற் பல ஆண்டு நடந்தது. போனவர்களிற் பலர் நீலகிரியிலே கோத்தகிரி, கூடலூர் முதலிய இடங்களில் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்து கிள்ளலாயினர். அங்கிருந்து நுவரெலியாவுக்குக் கடிதங்கள் வந்தன: மலையிலிருந்து மலைக்கு, லயத்திலிருந்து லயத்துக்கு. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அதன்பின் அவை விமானத் தபாலிலே வந்தன. உறவு அறுந்துபோகாமல் காத்தவை அவை.

ஆதலால் 2023இல் இச்செங்கற் கட்டடத்தை உல்லாசப் பிரயாணிகளின் விடுதிக்காகக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது அது ஒரு கட்டடத்தைப் பற்றிய வழக்காக மட்டும் இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். கட்டடம் தபாற் சேவையிடமே இருக்கிறது. எட்டு மணி அளவில் அதன் படியிலே நிற்போரைக் கண்டால் வழக்கின் பொருள் விளங்கும். படம் பிடிக்க வந்த அயல்நாட்டார் இருவர். பதிவுத் தபாலைக் கையில் இறுகப் பிடித்த முதியவர். பரீட்சைக் கட்டணம் செலுத்த வந்த, தலைவாரிப் பூச்சூடிய இரண்டு பெண்பிள்ளைகள். கருமபீடம் திறக்கக் காத்திருக்கும் ஓய்வூதியக்காரர். மின்னஞ்சலும் கைப்பேசியும் வந்துவிட்ட காலத்தில் தபால் எதற்கு என்று கேட்போர் உண்டு. அடையாள அட்டையும், பல்கலைக்கழக அனுமதியும், நேர்முகப் பரீட்சை அழைப்பும், நீதிமன்றக் கட்டளையும் இன்றும் காகிதத்திலேதான் வருகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இனி நடை மேல்நோக்கித் திரும்புகிறது. நகர எல்லையைக் கடந்த சிறிது தொலைவிலேயே தேயிலை தொடங்கிவிடும். சவுக்கு மரங்களினூடே வெயிற் கீற்று விழ, பனி விலகிய சரிவிலே நிரைநிரையாகப் பெண்கள் நிற்பர். இடுப்பிலே படங்கு, நெற்றியிலே கூடைக் கயிறு. முன்னாளில் விடியுமுன் தப்படித்து மக்களை எழுப்பிப் பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடுவர். பெயர் கொடுத்தபின் மலைக்குப் போவர். தப்பின் ஒலி ஓய்ந்துவிட்டாலும், ‘பேர்’ என்ற சொல் நாட்சம்பளத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். பாதி நாளானால் அரைப் பேர். ஒருவருடைய பெயரை இப்படிப் பாதியாக்கும் வழக்கு வேறெங்கேனும் உண்டோ என்பது ஐயமே.

சரிவின் மடியிலே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவிலே சுவரோடு சுவராக ஒட்டிய காம்பராக்கள். முன்னே ஒரு சிறு தாழ்வாரம். வெள்ளைக்காரர் காலத்திலே கட்டியவற்றிற் பல இன்றும் இருக்கின்றன. கூரைத் தகரத்தின்மேல் கல் வைத்துக் காற்றுக்குக் காப்புச் செய்திருப்பர். வாசலிலே செவ்வந்தியோ ரோசாவோ ஒரு தகரப் பேணியிற் பூத்திருக்கும். துரை பங்களாவின் பூம்பாத்தியிலிருந்து வந்த பதியமாகவும் இருக்கலாம். லயத்தின் தலைப்பிலே மாரியம்மன் கோயில். மாசி மாதத்திற் காமன் கூத்துக்குக் கம்பம் நடும் இடமும் அருகிலேயே. எல்லாம் உண்டு. முகவரி மட்டும் இல்லை.

இங்கே ‘முகவரி’ என்பது எதுவெனின், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், நகரின் பெயர் ஆகிய மூன்று வரிகளே. ஒரே பிரிவில் முத்துசாமி நால்வர் இருப்பர். இலெட்சுமி அறுவர் இருப்பர். பல தோட்டங்களில் இன்றும் கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கே போய்ச் சேர்கிறது. உரியவர் கைக்கு அது எப்போது வரும், எந்த முத்துசாமிக்கு வரும் என்பது பிறருடைய நினைவையும் நல்லெண்ணத்தையும் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கு மறுநாள் அழைப்புக் கடிதத்தைப் பெற்ற பிள்ளைகளின் கதை தோட்டந்தோறும் உண்டு. பரீட்சையிலே தவறிய பிள்ளையைத் தேற்றலாம். தேறியும், கடிதம் வராததால் இடமிழந்த பிள்ளைக்குச் சொல்லத்தக்க ஆறுதல் எது?

இக்குறை தபால் ஊழியரால் மட்டும் நேர்ந்ததன்று. நிலம் தோட்டத்துக்குரியது, வீதி தோட்டத்துக்குரியது, லயமும் தோட்டத்துக்குரியது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாகத் தோட்டங்களுக்குள்ளே பிரதேச சபைகள் தம் பணத்தைச் செலவிட இயலாதிருந்தன. வீதி விளக்குப் போடவும் வழியில்லை. 2018இலே அச்சட்டம் திருத்தப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை கொடுத்தது. நாடு கிடைத்தாயிற்று, வீட்டிலக்கம் கிடைக்கவில்லை. முந்தியது எளிதாகவும் பிந்தியது அரிதாகவும் இருப்பது விந்தையே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மலைநாடெங்கும் மண் சரிந்து உயிர்கள் பல மாண்டபோது, சரிவிலே நிற்கும் வீடு எவருடைய பொறுப்பு என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.

சில தோட்டங்களில், இந்திய அரசின் உதவியோடும் இலங்கை அரசின் திட்டங்களின் வழியாகவும், லயத்துக்குச் சற்றுத் தள்ளித் தனித்தனி வீடுகள் எழுந்துள்ளன. ஏழு பேர்ச் காணி, இரண்டு அறை, சமையற்கூடம், முன்னே சிறு முற்றம். அத்தகைய குடியிருப்பு ஒன்றின் வழியாக நடப்பவர் கூர்ந்து பார்த்தால், கதவுக்கு மேலே வீட்டுக்காரர் தாமே வண்ணத்தால் எழுதிவைத்த இலக்கங்களைக் காணலாம். அவற்றிற் சில எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இல்லை. அடுத்த வீட்டு இலக்கத்தோடு ஒழுங்காகத் தொடர்வதும் இல்லை. பக்கத்திலே, சிறிய தகரப் பெட்டி ஒன்றைக் கம்பியாற் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வாயிலே கடிதம் நுழைய ஒரு கீறல்.

அதற்குள் மணி ஒன்பதாகிறது. பீதுருதலாகலையின் உச்சி தெளிவாகத் தெரிகிறது. கீழே நகரத்தில் முதற் பேருந்துகளில் வந்த பிரயாணிகள் ஏரியை நோக்கி நடக்கின்றனர். தோட்டத்துப் பாதையில் பையைத் தோளிலிட்ட ஒருவர் மெல்ல ஏறிவருகிறார். தொங்கவிட்ட தகரப் பெட்டிகளைக் கடந்து, லயத்தைக் கடந்து, தோட்டத்துக் கந்தோருக்குப் போய், அங்குள்ள மேசைமேல் கடிதங்களை வைக்கிறார். மலைக்குப் போனவர்கள் மாலையிலே கொழுந்து நிறுத்துத் திரும்பும் வரை அவை அங்கேயே இருக்கும்.